கள்ள மூச்சு

ஸ்ரீவில்லிபுத்தூரில் முத்து முகம்மது என்று கேட்டால் ஜவுளி விற்கிறவர் என்று சிலர் சொன்னார்கள். சடுகுடுக்காரர் என்றுதான் பலர் சொன்னார்கள். கடை வைத்து விற்ற ஜவுளிக்காரர் இல்லை. சேலை, வேட்டி, துண்டு என்று ஒரு மூட்டை கட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக நடந்து விற்றவர். திங்கள் வன்னியம்பட்டி, செவ்வாய் மம்சாபுரம், புதன் ராஜபாளையம், வியாழன் தளவாய்புரம். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு ஊரில் இருப்பார்.

அவருக்கு மூச்சு பிடிபட்டது அந்த நடையில்தான். முழு மூட்டையோடு புறப்படுகிற காலை நேரத்தில், கனம் தெரியாமல் இருக்க ஒரு பனைமரத்தடியில் மூச்சை இழுத்து அடுத்த பனை வரும்வரை விடாமல் நடந்து பார்ப்பார். பிறகு இரண்டு பனை. பிறகு நான்கு. இருபத்தைந்து வயதில் மம்சாபுரத்துக்குப் பாதை பிரிகிற விலக்கிலிருந்து கண்மாய்க் கரை வரைக்கும் ஒரே மூச்சில் போவார் என்று ஊரில் பேச்சு இருந்தது. அது கொஞ்சம் கூட்டிச் சொன்னதாக இருக்கலாம். பாதியை நம்பினாலும் பெரிய மூச்சுதான்.

சௌந்தரபாண்டியன் அவரைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டதும் அதனால்தான். சௌந்தரபாண்டியன் நஞ்சையும் புஞ்சையுமாக நிலமுள்ள வீட்டுப் பிள்ளை. ஸ்ரீவில்லிபுத்தூர்க் குழுவுக்கு அவர்தான் தலைவர். பிடிக்க ஆள் நிறைய இருந்தது. பாடிப் போக ஆள் இல்லை. சடுகுடுவில் பாடிப் போகிறவனுக்கு எதிரிகள் ஏழு பேர். எட்டாவது எதிரி அவனுடைய மூச்சு. எதிர்க்கட்டத்துக்குள் இருக்கும்போது அது உடைந்தால் ஆள் பட்டதாகக் கணக்கு.

முத்து முகம்மது பாடிப் போகிறபோது அவருக்குள்ளே ஒன்று நடந்தது. அதை அவர் நெடுநாள் யாரிடமும் சொல்லவில்லை. நடுக்கோட்டைத் தாண்டிக் கால் வைத்த மாத்திரத்தில் கூட்டத்தின் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விடும். எதிரில் நிற்கிற ஏழு பேருடைய கண்ணும் காலும் துலக்கமாகத் தெரியும். நேற்று விற்காத சேலை, நாளைக்கு நடக்கவேண்டிய தூரம் எல்லாம் மறைந்துவிடும். முத்து முகம்மது என்கிற ஆளும் மறைந்துவிடுவார். மெல்லிய நூலாக மூச்சு மட்டும் போய்க்கொண்டிருக்கும். திரும்பி வந்து கோட்டைத் தொட்டதும்தான் சத்தம் காதில் விழும்.

அதில் அவருக்கு ஒரு கூச்சமும் உண்டு. பள்ளிவாசலில் நெற்றி தரையில் பட்டிருக்கிற நேரத்தில்கூட மம்சாபுரத்தில் ஒரு வீட்டில் கேட்ட சிவப்புக்கரைச் சேலை ஞாபகத்துக்கு வரும். அங்கே கிடைக்காத அமைதி கண்மாய் மணலில் கிடைக்கிறதே, இது சரிதானா என்று நினைப்பார். நினைத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போவார்.

1897-ம் வருஷம் சித்திரை மாதம். மம்சாபுரம் கண்மாய் வற்றி, நடுவில் மட்டும் தவிட்டு நிறத்தில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. ஓரத்து மணலில் கோடு கிழித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் ஆட்டம். இரண்டு ஊருக்கும் பொதுவான இடம் என்பதால் வருஷாவருஷம் அங்கேதான் நடக்கும். ஜெயித்த ஊருக்கு மம்சாபுரத்து வெள்ளாமைச் சம்சாரிகள் ஒரு செம்மறிக் கிடா கொடுப்பார்கள். மத்தியஸ்தர் குருசாமி. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னால் இரண்டு ஊரும் மறுபேச்சுப் பேசாது.

பொழுது சாய்கிற நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் முத்து முகம்மது ஒருவர்தான் மிச்சம். எதிரில் இரண்டு பேர். ஒருவர் நெட்டையான ஆள். இன்னொருவர் சுப்புராஜ். ராஜபாளையத்தில் சுப்புராஜின் பிடி பேர்போனது. உடும்புப் பிடி என்பார்கள். அவர் கையில் கணுக்கால் சிக்கினால் அத்தோடு சரி.

முத்து முகம்மது பாடிப் போனார். நெட்டை ஆள் சுலபமாகப் பட்டார். திரும்புகிற எட்டில் சுப்புராஜ் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தார். முத்து முகம்மது குப்புற விழுந்தார். விழுந்தவர் கையை ஊன்றி இழுத்துக்கொண்டே நகர்ந்தார். கணுக்காலில் இருந்த பிடி ஏறி இடுப்பைச் சுற்றி வளைத்தது. நடுக்கோட்டுக்கு ஒரு முழம் இருந்தது. மூச்சு தீர்ந்துவிட்டது.

அவருக்கு அது நன்றாகத் தெரிந்தது. முகம் மணலில் புதைந்திருந்தது. அந்த மணலுக்குள்ளேயே ஒரு சின்ன மூச்சை இழுத்துக்கொண்டார். ஒரு மிடறு அளவுதான். கண் இமைக்கிற நேரம் பாட்டு நின்று மறுபடி தொடர்ந்தது. கரையில் ஆயிரம் பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவெளி யார் காதிலும் விழவில்லை. திருடிய மூச்சின் பலத்தில் கையை எட்டிப் போட்டுக் கோட்டைத் தொட்டார்.

குருசாமி கையைத் தூக்கி ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் காட்டினார். குழுக்காரர்கள் ஓடிவந்து முத்து முகம்மதுவைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். மேலே இருந்தபடி அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சுப்புராஜ் மணலில் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். அவர் பார்வையும் இவர்மேல்தான் இருந்தது. கோபமாகத் தெரியவில்லை. எதற்கோ காத்திருக்கிற மாதிரி இருந்தது. முத்து முகம்மது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கிடாயைச் சௌந்தரபாண்டியன் வீட்டில் சமைத்து ஊரே சாப்பிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் பெரியவர்கள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். நம்ம தெருப் பிள்ளை ஊர்ப் பேரைக் காப்பாற்றிவிட்டான் என்றார்கள். முத்து முகம்மது சிரித்துவைத்தார்.

பத்து நாள் கழித்துப் பழகுகிற ஆட்டத்தில் பாடிப் போனார். மூச்சின் நீளம் குறையவில்லை. ஆனால் கூட்டத்தின் சத்தம் தூரப் போகவில்லை. உள்ளேயும் ஒரு சத்தம் இருந்தது, மணலுக்குள் இழுத்த அந்த மூச்சின் சத்தம். ஏழு பேரையும் முன்போலப் பார்க்க முடியவில்லை. தொட்டுவிட்டுத் திரும்பினார், ஜெயித்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்கடுத்த ஆட்டத்திலும் அப்படித்தான். தொழுகையில் நின்றால் அங்கேயும் அந்தச் சத்தம் வந்தது.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் கை வைக்காமல் இருந்தார். மனைவி சௌதா என்னவென்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னார். அவள் குழம்புச் சட்டியை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அந்த ஆளுகிட்டச் சொல்லிட்டீகளா?”

“எந்த ஆளு?”

“பிடிச்சவியதான். எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? நானா பிடிச்சேன்?”

முத்து முகம்மதுவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த புதன்கிழமை ராஜபாளையத்தில் சுப்புராஜின் வீட்டைத் தேடிப் போனார்.

வாசலில் சுப்புராஜின் தாயார் பருத்தியில் தூசு பொறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு வீட்டில் தெலுங்குதான் பேச்சு. வெளியாட்களிடம் தமிழ் பேசுவார். மூட்டையைப் பார்த்ததும் அந்த அம்மாள் தானாகவே கூப்பிட்டார்.

“வா நாயனா, மூட்டைய எறக்கு. கரை வேட்டி இருக்கா?”

“யாருக்கும்மா?”

“எம் மவனுக்கு. அவன் இங்க இல்ல. பட்டாளத்துல சேந்து பர்மாவுக்குப் போயிட்டான். வந்தாக் கட்டிக்கிடட்டும்னு ஒண்ணு வாங்கி வைக்கேன்.”

முத்து முகம்மது கை அப்படியே நின்றது. “எப்பப் போனாரு?”

“மம்சாபுரத்துல ஆட்டம் தோத்துட்டு வந்தான்ல, அதுக்கு மூணாம் நாளு. அன்னையிலேருந்து யார்ட்டயும் பேசல. கெளம்பிட்டான்.”

வேட்டியை எடுத்துக் கொடுத்தார். கூடவே ஒரு நல்ல துண்டையும் மடித்து மேலே வைத்தார். அந்த அம்மாள் துண்டை எடுத்துத் திருப்பி நீட்டினார்.

“இது நான் கேக்கலையே.”

“சும்மா வச்சுக்கிடுங்கம்மா.”

“சும்மா எதுக்கு நாயனா? எங்க வீட்டுல சும்மா வாங்குத பழக்கம் இல்ல.”

தான் யார் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. துண்டை மூட்டைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு திருட்டு மூச்சுக்காக ஒரு மனிதனைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டோம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே நடந்தார்.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் அவர் ஆடிய ஆட்டம் விசித்திரமானது. மூச்சு இன்னும் பாதி மிச்சம் இருக்கும்போதே பாட்டை நிறுத்திவிட்டு, “மூச்சு போச்சு” என்று சொல்லி வெளியே வந்து நிற்பார். எதிராளியின் விரல் காற்றில் பட்டாலும் தொட்டுவிட்டதாகச் சொல்வார். வெளியூர்க்காரர்கள் இப்படியும் ஒரு யோக்கியன் உண்டா என்று வியந்தார்கள். சொந்தக் குழுவுக்குத்தான் எரிச்சல். மூன்று சித்திரையிலும் மம்சாபுரத்துக் கிடாய் ராஜபாளையத்துக்கே போய்க்கொண்டிருந்தது.

சௌந்தரபாண்டியன் ஒருநாள் அவரைத் தனியே நிறுத்தினார்.

“ஏலே முத்து, படாதப்பப் பட்டேன்னு சொல்லுத. இருக்குத மூச்ச இல்லேன்னு சொல்லுத. அதுவும் பொய்தானல?”

முத்து முகம்மது வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

“நீ வெளையாட வாறியா, இல்ல அடி வாங்க வாறியா? அடி வாங்கணும்னா வேற எங்கயாவது போ. இங்க இன்னும் ஆறு பேரு இருக்கோம்.”

அந்தப் பேச்சு தைத்தது. ஆனால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

1901 தை மாதத்தில் சுப்புராஜ் திரும்பி வந்துவிட்டார் என்று தளவாய்புரத்தில் யாரோ சொன்னார்கள். முத்து முகம்மது அன்றைக்கு வியாபாரத்தை அத்தோடு முடித்துக்கொண்டு ராஜபாளையத்துக்கு நடந்தார். சுப்புராஜ் பருத்திக்காட்டில் இருந்தார். ஆள் மெலிந்து கறுத்திருந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. பர்மாவில் பீரங்கி வண்டியின் கயிறு இழுத்துக்கொண்டு போனதாம்.

முத்து முகம்மது அந்தக் கையைப் பார்த்தார். உடும்புப் பிடி இருந்த கை. மூட்டையை வரப்பில் வைத்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

“அண்ணே, நான் ஸ்ரீவில்லிபுத்தூரு. அன்னைக்கு நீங்க இடுப்பப் பிடிச்சிருந்தப்ப நான் கள்ள மூச்சு எடுத்தேன். ஜெயிச்சது நீங்க. நான் ஏமாத்திட்டேன்.”

சுப்புராஜ் பறித்த பருத்தியை மடியில் போட்டுக்கொண்டே சொன்னார்: “தெரியும் ராவுத்தரே.”

“தெரியுமா?”

“எங் கை உங்க வயித்தச் சுத்தியில்லா இருந்துச்சு? வத்திக் கெடந்த வயிறு ஒரு தடவ பொங்கி எறங்குச்சு. காது கேக்காட்டியும் கைக்குத் தெரியாதா?”

“பொறவு ஏன் சொல்லல?”

“தோத்தவன் சொன்னா அழுவுதாம்பாக. அதுவுமில்லாம நீங்களே சொல்லுவீகன்னு நெனச்சேன். உங்களத் தோள்ல தூக்குத வரைக்கும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். திரும்பிப் பாத்தீக. சரி, சொல்லப்போறாருன்னு நெனச்சேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டீக.”

முத்து முகம்மது வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நான்கு வருஷமாகச் சுமந்துகொண்டிருந்ததைக் கேட்டார்.

“என்னாலதான நீங்க பட்டாளத்துக்குப் போனது? இந்த விரலு...”

சுப்புராஜ் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“நீங்களா என்னைய அனுப்புனீக? ராவுத்தரே, எங்க அண்ணந்தம்பிக்குள்ள காட்டுப் பாகத்துல சண்ட. வெட்டுக்குத்தாயிருமோன்னு பயந்து பங்குனியிலயே பேரு குடுத்துட்டேன். அதுக்குப் பொறவுதான் ஆட்டமே. போறதுக்கு முன்னாடி ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போவோம்னு வந்தேன். நீங்க எடுத்த மூச்சுக்கும் எங் கைக்கும் என்ன இருக்கு? அம்புட்டுப் பெரிய ஆளா நீங்க?”

அதைக் கேட்டதும் முத்து முகம்மதுவுக்கு அவமானமாக இருந்தது. கூடவே மனசும் லேசானது.

“மன்னிச்சுக்கிடுங்க அண்ணே.”

“எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அன்னைக்கு எம் பக்கம் ஏழு பேரு ஆடுனாக. ஒங்க பக்கமும் ஆறு பேரு, ஜெயிச்சோம்னு நெனச்சுக்கிட்டு இருக்காக. எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படி?”

ஏழு மைல் நடந்து வீடு திரும்புகையில் முத்து முகம்மது தன்னைப் பற்றி முதல்முறையாக ஒன்றைத் தெரிந்துகொண்டார். அந்த ஒரு முழ மணலில் அவரை மூச்சு இழுக்க வைத்தது ஊர்ப்பற்று இல்லை. வாசல் வாசலாக மூட்டையை இறக்கி, பெண்கள் புரட்டிப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல, திரும்பக் கட்டித் தூக்குகிற ஆள் அவர். வருஷத்தில் ஒருநாள் ஆயிரம் பேர் தன் பெயரைக் கத்துவதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பிறகு நான்கு வருஷமாகக் குற்றவாளியாக இருந்ததிலும் அதே ஆசைதான் வேறு வேஷத்தில் இருந்தது. மற்றவர்களைவிடப் பெரிய வெற்றி, மற்றவர்களைவிடப் பெரிய பாவம், மற்றவர்களைவிடப் பெரிய யோக்கியம். அன்றைக்குத் தோளில் ஏறியவர் இன்னும் இறங்கவே இல்லை. சுப்புராஜின் சிரிப்புதான் அவரை இறக்கிவிட்டது.

அந்தச் சித்திரையில் மம்சாபுரம் கண்மாயில் இரண்டு குழுவும் எதிரெதிரே நின்றபோது முத்து முகம்மது நடுக்கோட்டில் வந்து நின்றார். குருசாமியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, உரக்கச் சொன்னார். என்ன நடந்தது என்று மட்டும் சொன்னார். தன்னைத் திட்டிக்கொள்ளவில்லை. நாலே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

முதலில் பேசியது ராஜபாளையத்து நெட்டை ஆள்தான்.

“கெடாயத் தின்னுட்டு நாலு வருஷங் கழிச்சு எலும்பக் கொண்டாந்து குடுக்கீகளே.”

கூட்டம் சிரித்தது. சிலர் சிரிக்கவில்லை. குருசாமியின் முகம் சுண்டிப்போயிருந்தது. முப்பது வருஷம் திருடர்களைப் பிடித்த காதுக்கு ஒரு மூச்சு தப்பிவிட்டதே என்பது அவருக்குப் பெரிய குறை. “தீர்ப்பு எந் தீர்ப்பு. காது கேக்கலைன்னா அது என் தப்பு. அத இனி மாத்த ஏலாது. ஆட்டத்த ஆரம்பிங்க” என்றார்.

சௌந்தரபாண்டியன் அருகே வந்து யாருக்கும் கேட்காத குரலில், “எங்க எல்லார் மூஞ்சிலயும் கரியப் பூசிட்டியே. முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா? நீ எறங்க வேண்டாம். போய் உக்காரு” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. முத்து முகம்மது போய்க் கரையில் உட்கார்ந்தார். ஆறு பேரோடு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடியது.

அப்போது ஒன்று நடந்தது. சௌந்தரபாண்டியன் பாடிப் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு அவ்வளவு நல்ல மூச்சு கிடையாது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முத்து முகம்மது அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் ஜெயிக்கவேண்டும் என்று அவருக்கு ஒரு எண்ணமும் இல்லை. திடீரென்று கூட்டத்தின் சத்தம் தூரப் போய்விட்டது. எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. மணல், கோடு, ஓடுகிற கால்கள், மேற்கே மலை. நான்கு வருஷமாக வராத அமைதி, தான் ஆடாத ஆட்டத்தில், இன்னொருவர் மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கையில் வந்தது. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்த அமைதி தன் மூச்சால் வருகிறது என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் அன்றைக்குத் தோற்றது. ஊரில் பலர் கொஞ்ச நாள் அவரிடம் பேசவில்லை. தெருவில் இரண்டு வீடுகள் துணி வாங்குவதை நிறுத்திவிட்டன. சௌதாவிடம் கிணற்றடியில் ஒருத்தி ஏதோ குத்தலாகச் சொன்னாள். அவள், “சொல்லாமலே இருந்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமா, ஏட்டி?” என்று கேட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஒரு மாதம் போயிருக்கும். மம்சாபுரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை சுப்புராஜ் அவரைத் தேடிக்கொண்டு வந்தார்.

“ராவுத்தரே, எனக்கு இனிமே பிடிக்க ஏலாது. மூணு விரல வச்சு என்னத்தப் பிடிக்க? பாடிப் போலாம்னு பாக்கேன். மூச்சு நிக்கல. நீங்க சொல்லிக் குடுங்க.”

எதிரூர்க்காரருக்குத் தன் மூச்சைச் சொல்லிக்கொடுப்பதா என்று ஒரு கணம் முத்து முகம்மதுவுக்குத் தோன்றியது. தோன்றியதைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்தது.

“வாங்க. கரைக்குப் போவம்.”

அன்றிலிருந்து ஏறக்குறைய மூன்று வருஷம் செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில், மூட்டையை ஒரு புளியமரத்தடியில் வைத்துவிட்டு, இரண்டு பேரும் கண்மாய்க் கரையில் நடந்தார்கள். சுப்புராஜ் நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு பத்து எட்டில் எல்லாவற்றையும் விட்டுவிடுவார்.

“எம்புட்டு இழுக்கோம்ங்கறதுல ஒண்ணுமில்ல அண்ணே. எப்படி விடுதோம்ங்கறதுதான். செத்த நேரம் அதப் பிடிச்சு வைக்கணும்னு நெனைக்காதீக. பிடிச்சா முட்டும். போட்டும்னு விடுங்க, மெதுவாப் போட்டும்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. உடம்புக்கு என்றைக்கோ தெரிந்ததை மனசு இப்போதுதான் கேட்டுக்கொண்டது போலிருந்தது. வெள்ளிக்கிழமை தொழுகையில் நின்றபோது சிவப்புக்கரைச் சேலை ஞாபகம் வந்தது. அதைத் துரத்தாமல் விட்டார். அது தானாகப் போய்விட்டது. நெற்றி தரையில் பட்டிருந்த நேரம் முன்னைவிட நீளமாகத் தெரிந்தது.

இந்தப் பழக்கம் சௌந்தரபாண்டியன் காதுக்குப் போனது. அவர் மம்சாபுரத்துக்கே வந்து மரத்தடியில் நின்று பார்த்தார். முத்து முகம்மது கரையை விட்டு இறங்கி அவரிடம் போனார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தார்.

“இந்த வருஷம் வெளையாட வாறியா?” என்று கேட்டார் சௌந்தரபாண்டியன்.

“கூப்பிட்டா வாரேன்.”

“கூப்பிடத்தான் வந்தேன். ஆளு பத்தல. ஒரு கண்டிசன். பட்டாப் பட்டேன்னு சொல்லு. படலைன்னாப் படலைன்னு சொல்லு. கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம்.”

“சரி.”

கிளம்பியவர் திரும்பிப் பார்த்துச் சுப்புராஜைக் காட்டி, “இவருக்குச் சொல்லிக் குடுத்தது போதும்ல. மிச்சத்த வச்சுக்க” என்றார்.

1904 சித்திரையில் முத்து முகம்மது மறுபடி இறங்கினார். அன்றைக்கு அவர் பாடிப் போனதைப் பார்த்தவர்கள், ஆள் கனமில்லாமல் போய்வந்த மாதிரி இருந்தது என்றார்கள். மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தார். ஒருமுறை எதிராளியின் விரல் முழங்காலில் உரசியதா இல்லையா என்று குருசாமிக்குச் சந்தேகம் வந்தது. அவர் முத்து முகம்மதுவையே கேட்டார். “படல” என்று சொன்னார் முத்து முகம்மது. ராஜபாளையத்துக்காரர்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் இரண்டு பேர் மிச்சம், முத்து முகம்மதும் சௌந்தரபாண்டியனும். ராஜபாளையத்திலிருந்து சுப்புராஜ் பாடி வந்தார். வந்தவர் அவசரப்படவில்லை. ஓரத்துக்கு ஓரம் நடந்தார். மூச்சு ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. எப்போது முடியும் என்று காத்திருந்த சௌந்தரபாண்டியன் பொறுமை இழந்து பாய்ந்தார். சுப்புராஜ் விலகி அவர் தோளைத் தொட்டார். முத்து முகம்மது குறுக்கே போய் மறித்து இடுப்பைப் பிடித்தார். இரண்டு பேரும் மணலில் புரண்டார்கள். சுப்புராஜின் வயிறு வற்றிக்கொண்டே போவது முத்து முகம்மதுவின் கைக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அது வற்றியது. அதன் கடைசி நுனியில், மூன்று விரல்கள் நீண்டு நடுக்கோட்டைத் தொட்டன. பாட்டு நிற்கவில்லை.

குருசாமி இந்த முறை பக்கத்திலேயே குனிந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ராஜபாளையத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

முத்து முகம்மது மணலில் மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் சுப்புராஜ் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“மூச்சு சுத்தம்” என்றார் முத்து முகம்மது.

“தெரியும்” என்றார் சுப்புராஜ்.

சௌந்தரபாண்டியன் இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “நம்ம மூச்ச வச்சே நம்மளத் தோக்கடிச்சிட்டானே” என்றார். சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். அந்த வருஷத்துக் கிடாயை ராஜபாளையத்தில் சமைத்தபோது ஸ்ரீவில்லிபுத்தூர்க் குழுவுக்கும் அழைப்பு வந்தது. முத்து முகம்மது வருகிறார் என்பதற்காக ஹலாலாக அறுப்பதற்குப் பள்ளிவாசலிலிருந்து ஆள் கூட்டிப்போயிருந்தார்கள்.

அதற்குப் பிறகும் எட்டு வருஷம் ஆடினார். ஜெயித்ததும் உண்டு, தோற்றதும் உண்டு. குருசாமி காலமான பின் இரண்டு ஊரும் சேர்ந்து அவரையே மத்தியஸ்தராக நிற்கச் சொன்னார்கள். ஆடுகிற வரைக்கும் மாட்டேன் என்றார். முழங்கால் விட்டுப்போன பிறகு ஒத்துக்கொண்டார். மத்தியஸ்தராக நின்ற அத்தனை வருஷமும் பாடிப் போகிறவர்களை அவர் சந்தேகப்பட்டுக் குனிந்து பார்த்ததில்லை. நேராக நிற்பார். ஆட்டம் முடிந்ததும் அவர்கள் முகத்தை ஒருமுறை பார்ப்பார். இரண்டு மூன்று தடவை, பார்த்த மாத்திரத்தில் ஆள்கள் தாங்களாகவே வந்து சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்களை அவர் பெரிதாகப் புகழவும் இல்லை, கடியவும் இல்லை. “சரி, ஆடுங்க” என்பார்.

சௌதா அவர் ஆடி ஒருநாளும் பார்த்ததில்லை. பெண்கள் கண்மாய்க்குப் போய்ப் பார்க்கிற வழக்கம் அப்போது அவர்கள் தெருவில் கிடையாது. அவருக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகு, மழை பெய்து வியாபாரத்துக்குப் போகாத ஒரு பகலில், புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

“ஊரெல்லாம் சொல்லுதாகளே, அப்படி என்னதான் பாடுவீக? ஒரு தடவ பாடுங்க, கேப்போம்.”

முதலில் கூச்சப்பட்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். முற்றத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே மெல்ல நடந்துகொண்டே சடுகுடு பாடினார். சௌதா கொட்டை எடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

“போதுங்க. நெஞ்சு அடைச்சிரப் போகுது.”

கையால் சும்மா இரு என்று காட்டிவிட்டு அவர் இன்னொரு சுற்றுப் போனார். அடுப்படி வாசலில் மூச்சு முடிந்தது. முடிந்த இடத்திலேயே நின்று, “அம்புட்டுதான்” என்றார். வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் நாலு புளியை எடுத்துக் கொட்டை எடுக்க ஆரம்பித்தார்.